அண்ணே, எந்த வண்டிக்கு அபராதம்?

குழு: பெருமாள்புரம் வீடு
ஞாயிற்றுக்கிழமை

காலை 7:52

கணேசன் பெரியப்பா: 📄 ஆர்டிஓ சலான்.ஏபிகே

முருகன் சித்தப்பா: என்னண்ணே இது

முருகன் சித்தப்பா: எந்த வண்டிக்கு அபராதம்? நேத்து வண்ணார்பேட்டைல சிக்னல் மாறின பொறவுதான் போனேன். அதுக்கா?

செல்வி சித்தி: சொன்னேம்லா. பூ வாங்கப் போறதுக்கு என்ன அவசரம்னு.

அப்பா: 🙏

கார்த்தி அத்தான்: எனக்கு ஓபன் ஆகல. மாமா, படமா எடுத்து அனுப்புங்க.

மீனா: யாரும் அதைத் தொடாதீங்க!!! அது சலான் இல்ல.

மீனா: பெரியப்பா அனுப்பினதும் இல்ல. அவங்க போன் தானா அனுப்புது.

மீனா: அத்தான், ஐபோன்ல அது ஓடாது, உங்களுக்குப் பிரச்சினை இல்ல. ஆண்ட்ராய்டு வச்சிருக்கவங்க மட்டும் சொல்லுங்க, யார் யார் அமுக்கினீங்க?

செல்வி சித்தி: நான் அமுக்கிட்டேனே மீனா 😨 'இங்க இருந்து ஆப் போட அனுமதி வேணும்'னு என்னமோ வந்துச்சு. பயந்து பின்னால வந்துட்டேன்.

மீனா: நல்லதாப் போச்சு சித்தி. டவுன்லோடு ஆனா மட்டும் அது ஒண்ணும் செய்யாது. அனுமதி கொடுத்து இன்ஸ்டால் அமுக்கினாதான் வேலையைக் காட்டும். ஃபைல்ஸ் ஆப்ல அந்தப் பேரைத் தேடி அதை அழிச்சிருங்க. இங்க மெசேஜை மட்டும் அழிச்சா போதாது.

முருகன் சித்தப்பா: ஏபிகேன்னா என்னது?

மீனா: ஆப் சித்தப்பா. ப்ளே ஸ்டோர் வழியா வராம நேரா வர்ற ஆப். சலான், கல்யாணப் பத்திரிகை, பில் எல்லாம் காகிதம். போன்ல வந்தா படமாவோ பிடிஎஃப்பாவோதான் வரும். காகிதம் பாக்க எதுக்கு ஆப் போடணும்?

வள்ளி அத்தை: அண்ணன் போனை எடுக்க மாட்டேங்குது. மூணு தடவை அடிச்சிட்டேன்.

முருகன் சித்தப்பா: நான் போய்ப் பாக்கேன்.

செல்வி சித்தி: ஹெல்மெட் போட்டுட்டுப் போங்க.

காலை 8:24

முருகன் சித்தப்பா: வந்துட்டேன். அண்ணன் வாசல்ல உக்காந்திருக்கு. போன் மேசை மேல கிடக்கு. கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது.

மீனா: முதல்ல பெரியப்பா போன்ல ஏரோப்ளேன் மோடு போடுங்க. மேல இருந்து விரலால கீழ இழுத்தா விமானப் படம் இருக்கும். வைஃபையும் அணைஞ்சிருக்கான்னு பாருங்க, சில போன்ல அது மட்டும் ஓடிக்கிட்டே இருக்கும்.

முருகன் சித்தப்பா: போட்டாச்சு. அண்ணன் கிட்ட என் போனைக் குடுக்கேன்.

முருகன் சித்தப்பா: கணேசன் எழுதுதேன். நேத்து சாயங்காலம் ஒரு நம்பர்ல இருந்து வந்துச்சு. ஹெல்மெட் போடாததுக்கு 1000 ரூபாய்னு. என் வண்டி நம்பர் சரியா இருந்துச்சு.

முருகன் சித்தப்பா: நான் நிஜமாவே போடாமத்தான் முருகன்குறிச்சி போனேன்.

மீனா: பரவாயில்ல பெரியப்பா. ஆப் திறந்ததும் என்ன கேட்டுச்சு?

முருகன் சித்தப்பா: மெசேஜ் படிக்க அனுமதி கேட்டுச்சு, குடுத்தேன். 1 ரூபாய் கட்டி வண்டியை உறுதி செய்யணும்னுச்சு. கார்டு நம்பர் போட்டேன்.

வள்ளி அத்தை: பின்னாடி இருக்க 3 நம்பரும் போட்டீங்களாண்ணே?

முருகன் சித்தப்பா: போட்டேன்.

வள்ளி அத்தை: எவ்வளவு போச்சு?

காலை 8:33

வள்ளி அத்தை: அண்ணே. யாரும் ஏச மாட்டோம். சொல்லுங்க.

முருகன் சித்தப்பா: 18,000. பொறவு 7,500. காலைல 5:40க்கு மெசேஜ் பாத்தேன்.

செல்வி சித்தி: அஞ்சே முக்காலுக்கே தெரியுமா 😢

வள்ளி அத்தை: செல்வி, அதைப் பொறவு பேசுவோம். முருகா, போனை வாங்கு. பேங்குக்கு அடி. கார்டைத் தடை பண்ணு, நெட் பேங்கிங், யுபிஐ எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லு.

முருகன் சித்தப்பா: கூகுள்ல கஸ்டமர் கேர் நம்பர் எடுத்துட்டேன். முதல்ல வந்ததே அதுதான். அடிக்கட்டா?

வள்ளி அத்தை: ஏல! அடிக்காத!

வள்ளி அத்தை: கூகுள்ல மேல வர்ற நம்பர்ல நிறைய திருடன் போட்டது. கார்டுக்குப் பின்னாடி அச்சடிச்சிருக்கும், இல்லன்னா பாஸ்புக்ல இருக்கும். அதுக்கு அடி. ரிட்டயர் ஆகுத வரைக்கும் பேங்க் கவுண்டர்ல இந்தக் கதையைக் கேட்டுட்டே இருந்தேன். முதல் தடவை போன பணத்தைவிட, மீட்டுத் தாரேன்னு சொன்னவன் எடுத்த பணம்தான் அதிகமா இருக்கும்.

வள்ளி அத்தை: பேங்க் முடிஞ்ச கையோட 1930க்கு அடி, சைபர் மோசடிக்கான அரசு உதவி எண். கணக்கு நம்பர், எத்தனை மணிக்கு, எவ்வளவு, மெசேஜ்ல இருக்க பரிவர்த்தனை எண், எல்லாத்தையும் ஒரு தாளில் எழுதிக்கிட்டு உக்காரு. லைன் கிடைக்கலன்னா சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்ல மீனா பதிஞ்சிருவா.

மீனா: பக்கத்தைத் திறந்து வச்சிட்டேன் அத்தை.

கார்த்தி அத்தான்: போன பணம் போனதுதானே? 1930ல என்ன செய்வாங்க?

வள்ளி அத்தை: அவன் பணத்தை ஒரே கணக்குல வச்சிருக்க மாட்டான். அதுல இருந்து நாலு கணக்கு, அங்க இருந்து எட்டு, கடைசில ஏடிஎம்ல எடுத்துருவான். 1930ல சொன்னா அந்தந்த பேங்குக்குத் தகவல் போய், எங்க நிக்கோ அங்கயே பிடிச்சு வைப்பாங்க. எடுத்துட்டா பிடிக்க ஒண்ணும் இல்ல. அதான் பறக்கேன்.

வள்ளி அத்தை: இன்னொண்ணு. 2017ல ரிசர்வ் வங்கி போட்ட விதி இருக்கு. நாமளே கார்டு விவரத்தைக் குடுத்து ஏமாந்தா, பேங்க்ல புகார் சொல்லுத வரைக்கும் போனது நம்ம தலைல. புகார் சொன்ன பொறவு ஒரு ரூபாய் போனாலும் அது பேங்க் தலைல. அதனால புகார் நம்பரும் நேரமும் எழுதி வைக்கணும்.

அப்பா: 🙏

காலை 9:06

முருகன் சித்தப்பா: கார்டு தடை பண்ணியாச்சு. 1930 நாலாவது தடவைல கிடைச்சது. புகார் நம்பர் வாங்கிட்டேன். அந்தப் பிள்ளை பொறுமையா கேட்டுச்சு. நாளைக்கு எழுத்துல பேங்க்ல குடுக்கணுமாம்.

முருகன் சித்தப்பா: இங்க இன்னொரு பிரச்சினை. அண்ணன் ஓய்வூதியர் சங்கத்துக் குழுவுக்கும் இந்தச் சனியன் போயிருக்கு. 60 பேர். செயலாளர் வீட்டு லேண்ட்லைனுக்கு அடிச்சுச் சொல்லிட்டேன்.

மீனா: சூப்பர் சித்தப்பா. இனிமே யாருக்காச்சும் சலான் மெசேஜ் வந்தா, அதுல உள்ளதை அமுக்காதீங்க. அரசோட பரிவாகன் தளத்துக்கு நீங்களா போய் வண்டி நம்பர் போட்டுப் பாருங்க. முகவரி .கவ்.இன்னு முடியணும். நடுவுல 'கவ்'னு இருந்து கடைசில வேற ஏதாச்சும் இருந்தா அது போலி.

செல்வி சித்தி: வண்டி நம்பர் எப்படித் தெரியும் அவனுக்கு?

மீனா: அது ரகசியமே இல்ல சித்தி. வண்டியோட முதுகுலயே எழுதி வச்சிருக்கோம் 😅

மீனா: சரி, அடுத்தது. பெரியப்பா போனை ஃபேக்டரி ரீசெட் பண்ணணும், அதாவது உள்ள இருக்க எல்லாத்தையும் துடைக்கணும்.

முருகன் சித்தப்பா: அண்ணன் வேண்டாங்குது.

மீனா: ஏன்?

முருகன் சித்தப்பா: அந்த ஆப்பை மட்டும் எடுத்தா போதாதான்னு கேக்குது.

மீனா: போதாது சித்தப்பா. இந்த மாதிரி ஆப் தன்னோட ஐகானை மறைச்சுக்கும், வேற பேர்ல உள்ள உக்காந்துக்கும். அழிக்கப் போனா விடாது, அதுக்குன்னு அட்மின் அனுமதி வாங்கி வச்சிருக்கும். எல்லாத்தையும் தேடி எடுத்தாலும், எடுத்துட்டோமான்னு நமக்கு நிச்சயமாத் தெரியாது. துடைச்சிட்டுப் புதுசா ஆரம்பிக்கிறதுதான் நல்லது.

முருகன் சித்தப்பா: முடியாதுன்னுட்டு உள்ள போயிட்டு.

கார்த்தி அத்தான்: போட்டோ போயிரும்னு பயப்படுறாங்களா? கூகுள்ல இருக்குமே.

காலை 9:31

செல்வி சித்தி: போட்டோ இல்ல கார்த்தி. மதினி அனுப்புன வாய்ஸ் மெசேஜ் எல்லாம் அந்த போன்லதான் இருக்கு. ராத்திரி போட்டுக் கேப்பாங்க. போன பொங்கலுக்கு அங்க தங்கினப்ப கேட்டேன். நான் கேட்டது அவங்களுக்குத் தெரியாது.

வள்ளி அத்தை: அய்யோ

மீனா: பெரியப்பா கிட்ட சொல்லுங்க சித்தப்பா, ரீசெட் இப்ப வேண்டாம். போன் அப்படியே இருக்கட்டும். ஏரோப்ளேன் மோடு மட்டும் எடுக்காதீங்க.

மீனா: வாட்ஸ்அப் பேக்கப் கடைசியா எப்ப எடுத்ததுன்னு பாருங்க. செட்டிங்ஸ், சாட்ஸ், கடைசில சாட் பேக்கப்.

முருகன் சித்தப்பா: 2024 மார்ச்னு போட்டிருக்கு.

மீனா: இடம் நிரம்பிட்டுன்னு கூகுள் சொல்லிட்டே இருந்திருக்கும். ஆண்ட்ராய்டுல முன்னாடி வாட்ஸ்அப் பேக்கப்பைக் கணக்குல சேக்க மாட்டாங்க. 2024ல இருந்து அந்த இலவச 15 ஜிபிக்குள்ள அதுவும் சேருது. நிறையப் பேருக்கு அப்படியே நின்னு போச்சு. எல்லாரும் உங்க உங்க போன்ல இப்பவே பாருங்க.

அப்பா: 2023 தீபாவளி

மீனா: அப்பா!!!

மீனா: சரி. பெரியம்மா தவறினது 2023 ஐப்பசில, அதனால 2024 பேக்கப்ல அவங்க மெசேஜ் இருக்கலாம். ஆனா அதை நம்பி உக்கார வேண்டாம். ஒயர் வழியா நேரா எடுப்போம். சித்தப்பா, உங்க பையன் லேப்டாப் கொண்டாரச் சொல்லுங்க. சார்ஜர் ஒயர் போதும்.

பகல் 11:15

முருகன் சித்தப்பா: லேப்டாப் வந்தாச்சு. ஆனா திறந்ததும் வலது மூலைல சிவப்பா வருது, 5 வைரஸ் இருக்கு, இந்த நம்பருக்குக் கூப்பிடுன்னு. போன்ல இருந்து இதுக்கும் ஒட்டிக்கிச்சா?

மீனா: இன்னும் ஒயரே மாட்டலையே சித்தப்பா 😄 ஏபிகே விண்டோஸ்ல ஓடாது. இது வேற கதை. உங்க பையன் சீரியல் பாக்கற ஏதோ ஒரு தளம் 'அறிவிப்பு அனுப்பவா'ன்னு கேட்டிருக்கும், அனுமதின்னு அமுக்கியிருப்பான். குரோம் செட்டிங்ஸ்ல நோட்டிபிகேஷன்ஸ் போய்த் தெரியாத தளத்தை எல்லாம் தூக்கிடுங்க. நிஜமான விண்டோஸ் எச்சரிக்கைல போன் நம்பர் வராது. நம்பர் இருந்தாலே திருடன்.

மீனா: சில நேரம் திரை முழுக்க வந்து சத்தம் போடும், மூட விடாது. எஸ்கேப் பட்டனை அமுக்கிப் பிடிங்க. அப்பவும் போகலன்னா கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணும் சேத்து அமுக்கினா டாஸ்க் மேனேஜர் வரும், அதுல குரோமை முடிச்சிருங்க. திரும்பத் திறக்கும்போது 'பழைய பக்கங்களைக் கொண்டு வரவா'ன்னா வேண்டாம்னு சொல்லணும்.

மீனா: ஆமா, அது விண்டோஸ் 10ஆ? 2025 அக்டோபர் 14ஓட அதுக்கு வழக்கமான அப்டேட் நிறுத்தியாச்சு. அதுல பேங்க் வேலை பாக்காதீங்க. இன்னைக்கு நம்ம வேலைக்கு நெட் வேண்டாம், வைஃபை அணைச்சிட்டு ஒயரை மாட்டுங்க.

முருகன் சித்தப்பா: மாட்டிட்டேன். சார்ஜ் மட்டும் ஏறுது.

மீனா: போன்ல மேல இருந்து இழுத்தா 'சார்ஜிங்'னு ஒரு வரி இருக்கும். அதைத் தொட்டு ஃபைல் டிரான்ஸ்ஃபர்னு மாத்துங்க. அப்புறம் லேப்டாப்ல: ஆண்ட்ராய்டு, மீடியா, காம்.வாட்ஸ்அப், வாட்ஸ்அப், மீடியா, வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்ஸ்.

முருகன் சித்தப்பா: உள்ள வெறும் நம்பரா இருக்கு. 202318, 202319ன்னு.

மீனா: முதல் நாலு வருஷம், அடுத்த ரெண்டு எத்தனாவது வாரம்னு. அந்த வாய்ஸ் நோட்ஸ் ஃபோல்டரை முழுசா காப்பி பண்ணுங்க. வேற எதையும் எடுக்காதீங்க, முக்கியமா டவுன்லோட் ஃபோல்டரை. படங்களை நாளைக்குப் பாப்போம்.

பகல் 12:40

முருகன் சித்தப்பா: 1,100 ஃபைலுக்கு மேல. வந்துட்டு. ஆனா டபுள் கிளிக் பண்ணினா ஓட மாட்டேங்குது.

மீனா: ஓபஸ்னு முடியும். விஎல்சி பிளேயர்ல ஓடும். லேப்டாப்ல இருக்கும் பாருங்க, அவன்தான் படமாப் பாப்பானே.

முருகன் சித்தப்பா: இருக்கு.

முருகன் சித்தப்பா: ஓடுது. அண்ணனைக் கூப்பிட்டேன்.

பகல் 1:20

வள்ளி அத்தை: முருகா, பேங்க்ல இருந்து ஏதாச்சும்?

முருகன் சித்தப்பா: 7,500 ஒரு கணக்குல பிடிச்சு வச்சிருக்காங்களாம். 18,000 அங்க இருந்து கிளம்பிட்டாம். நாளைக்குத் தெரியும்.

செல்வி சித்தி: சாப்பிட்டாங்களா?

முருகன் சித்தப்பா: இன்னும் இல்ல. லேப்டாப்பை விட்டு எந்திரிக்கல. நானும்தான்.

மீனா: காப்பியை ஒரு பென் டிரைவ்லயும் போடுங்க. அப்புறம் ரீசெட். கூகுள் பாஸ்வேர்டை மட்டும் அந்த போன்ல மாத்தாதீங்க, உங்க போன்ல இருந்து மாத்துங்க. வாட்ஸ்அப் திரும்பப் போட்டதும் இணைக்கப்பட்ட சாதனங்கள்ல தெரியாதது இருந்தா வெளியேத்துங்க. ரெண்டு அடுக்குச் சரிபார்ப்புல 6 இலக்கப் பின் வைங்க. பிறந்த தேதி வேண்டாம் பெரியப்பா!

மாலை 6:48

கணேசன் பெரியப்பா: வந்துட்டேன். ரீசெட் ஆயிட்டு.

வள்ளி அத்தை: நிஜமா நீங்கதானாண்ணே? நம்ம வீட்டு முதல் பசு பேர் என்ன?

கணேசன் பெரியப்பா: செவலை. உன்னை முட்டிச்சு.

வள்ளி அத்தை: சரி சரி 😂

கணேசன் பெரியப்பா: 🎤 0:09

செல்வி சித்தி: மதினி!!!

செல்வி சித்தி: 'வரும்போது மாவு வாங்கிட்டு வாங்க, நேத்து மாவுன்னா வேண்டாம்.' அப்படியே பக்கத்துல நின்னு சொன்ன மாதிரி இருக்கு.

மீனா: பெரியம்மா குரலை மறந்தே போயிட்டேன் பெரியப்பா.

வள்ளி அத்தை: இன்னொண்ணு போடுங்கண்ணே.

கணேசன் பெரியப்பா: மிச்சம் எல்லாம் என்னை ஏசுதது.

அப்பா: போடுங்கண்ணே

கணேசன் பெரியப்பா: 🎤 0:47