ஒரு நாள் கூடலுக்கு எட்டுப் பேர் வேண்டும், எப்படிப் பிடிப்பது?

செவ்வாய்ப்பேட்டை சர்வீஸ்காரன் கேட்டது:

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். தமிழ் தட்டச்சு, லினக்ஸ், விக்கிப்பீடியா, பழைய புத்தகத்தை ஸ்கேன் செய்து மின்னூலாக்குவது என்று கிறுக்குப் பிடித்தவர்கள் நம் மாவட்டம் முழுக்கச் சிதறிக் கிடக்கிறார்கள். ஓமலூரில் ஒருவர், ஆத்தூரில் இரண்டு பேர், இப்படி. ஐம்பது பேரை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரே கூடத்தில் உட்கார வைக்க ஆசை. மேடை, பொன்னாடை, குத்துவிளக்கு எதுவும் கிடையாது. காலையில் சுவரில் சார்ட் பேப்பர் ஒட்டி அரை மணிக் கட்டமாகக் கோடு போடுவோம். பேச நினைப்பவர் சீட்டில் எழுதி ஒரு கட்டத்தில் ஒட்டிவிட வேண்டியதுதான். இதற்குப் பார்கேம்ப் பாணி என்று பெயர். 2005 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் முதல் பார்கேம்பை ஒரு வாரத்துக்குள் ஏற்பாடு செய்து முடித்தார்களாம். எனக்கு மூன்று மாதம் ஓடிவிட்டது.

இடம் பிரச்சினை இல்லை. ஆடியில் முகூர்த்தம் கிடையாது என்பதால் மாமா தன் மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தைச் சும்மா தருகிறார். ஆள்தான் இல்லை. வாட்ஸ்அப் குழுவில் "தன்னார்வலர்கள் தேவை" என்று போட்டேன். முப்பத்தொரு கட்டைவிரல் விழுந்தது. போன் செய்தது இரண்டே பேர். அதில் ஒருவர் கேட்ட முதல் கேள்வி, மதியம் சாப்பாடு உண்டா?

மூன்று வருடம் முன்னால் இதையே சின்னதாக நடத்தினேன். நாற்காலி போட்டது, ஜங்ஷன் பாக்ஸ் இழுத்தது, டீக்கேன் தூக்கியது எல்லாம் நானே. ஒருவர் பேச்சுகூட என் காதில் விழவில்லை. இந்த முறை முதுகு ஒத்துக்கொள்ளாது.

ஏற்காட்டில் வைத்தால் ஆள் தானாக வரும் என்கிறான் ஒரு நண்பன். வருமா?

அம்மாபேட்டை அக்கா:

தம்பி, தன்னார்வலர் வேண்டும் என்று பொதுவாகக் கேட்டால் யாரும் வரமாட்டார்கள். பந்தி பரிமாற ஆள் தேவை என்று கல்யாண வீட்டில் நோட்டீஸ் அடிக்கிறோமா? சும்மா நிற்கிற பையன் கையில் சாம்பார் வாளியைக் கொடுக்கிறோம். அவன் பாட்டுக்கு ஊற்றிக்கொண்டே போகிறான்.

எங்கள் பக்கம் ஆடிப் பண்டிகை வண்டி வேடிக்கையைப் பார்த்திருப்பாய். சாமி வேஷம் கட்டி வண்டியில் நிற்பவருக்குத்தான் கைதட்டல். ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றுகிறவனையும், தாழத் தொங்கும் கேபிள் ஒயரைக் கொம்பால் தூக்கிப் பிடிக்கிறவனையும் யாரும் பார்ப்பதில்லை. ஆனால் வருஷா வருஷம் அதே ஆள்தான் அந்தக் கொம்போடு வருவான். வேறு யாராவது தொட்டால் சண்டைக்குப் போவான். அது அவனுடைய கொம்பு!

நீயும் அப்படி வேலையைத் துண்டு போடு. பெயர் சொல்லி, போன் போட்டுக் கேள். "எட்டரையிலிருந்து பத்து வரை வாசல் மேஜை உங்களுடையது, பத்துக்கு மேல் நீங்கள் ஃப்ரீ" என்று சொல். எப்போது முடியும் என்று தெரியாத வேலைக்குத்தான் ஜனங்கள் பயப்படுகிறார்கள்.

அப்புறம், கோட்டை மாரியம்மன் பண்டிகை வாரத்தில் மட்டும் வைத்துவிடாதே. சேலத்தில் ஒரு ஆள் கிடைக்காது. நானும் வரமாட்டேன்.

காப்பித்தோட்டம்:

ஏற்காடு வேண்டாம் சார், மலையிலேயே இருப்பவன் சொல்கிறேன். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிறவரில் நாலு பேருக்கு வந்ததும் எலுமிச்சம்பழம் தேவைப்படும். மதியத்துக்கு மேல் பாதிக் கூட்டம் ஏரியில் படகு ஓட்டிக்கொண்டிருக்கும். வேலை செய்கிறவர்கள் முந்தின ராத்திரியே வந்து தங்கினால்தான் காலையில் நாற்காலி போட முடியும், அறை வாடகை யார் தருவது? கீழேயே நடத்துங்கள். முடிந்த பிறகு உழைத்தவர்களை மட்டும் ஒரு நாள் மேலே கூட்டி வாருங்கள், காப்பி என் செலவு.

காப்பி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. 1985இல் ஹாரிசன் ஓவன் என்பவர் வருகிறவர்களே பேசும் பொருளை முடிவு செய்கிற ஓபன் ஸ்பேஸ் கூட்ட முறையைத் தொடங்கியதே மாநாடுகளில் காப்பி இடைவேளைதான் உருப்படி என்று பட்டதால்தான். அதில் ஒரு விதி உண்டு: இருக்கிற இடத்தில் கற்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை என்றால் எழுந்து அடுத்த வட்டத்துக்குப் போய்விடலாம். அந்த மாதிரிக் கூட்டத்தில் விருந்தாளி என்று யாரும் கிடையாது. நாற்காலி நகர்த்துவதை வருகிறவர்களிடமே விட்டுவிடுங்கள். உங்களுக்கு எட்டுப் பேர்கூடத் தேவைப்படாது.

கல்லூரி வாத்தியார்:

என்எஸ்எஸ் (நாட்டு நலப்பணித் திட்டம்) மாணவர்களைக் கேட்கலாம். இரண்டு வருடத்தில் 240 மணி நேரம் அவர்கள் சேவை செய்தாக வேண்டும். ஆனால் நாற்பது பேரை அனுப்பச் சொல்லிக் கடிதம் கொடுக்காதீர்கள். வந்து சுவரோரம் நின்று செல்போன் பார்ப்பார்கள், அவர்களுக்கும் சேர்த்துச் சாப்பாடு போட வேண்டும். விஷயத்தில் ஆசையுள்ள நாலு பேர் போதும்.

செவ்வாய்ப்பேட்டை சர்வீஸ்காரன்:

அக்கா, நேற்று ராத்திரி பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் வேலையைத் துண்டு துண்டாக எழுதினேன். காலையில் ஏழு பேருக்கு போன். ஐந்து பேர் சரி என்றார்கள், ஒருவர் யோசிக்கிறேன் என்றார், ஒருவர் எடுக்கவில்லை. ஓமலூர்க்காரர் வாசல் மேஜை. ஆத்தூர் இரட்டையர் சார்ட் பேப்பரும் சீட்டும் (ஒருவர் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும்). வாத்தியார் சார் சொன்னதைக் கேட்டு ஒரு என்எஸ்எஸ் தம்பியிடம் புரொஜெக்டரை ஒப்படைத்தேன்.

சாப்பாடு உண்டா என்று கேட்டாரே, அவரிடமே சாப்பாட்டுப் பொறுப்பைக் கொடுத்துவிட்டேன். ஒரு நிமிஷம் பேச்சே இல்லை. பிறகு, சாயங்காலம் தட்டுவடை செட் ஐம்பதா அறுபதா என்று கேட்டார்.

தேதியை ஆடி கடைசி ஞாயிறுக்குத் தள்ளியாயிற்று. இன்னும் மூன்று துண்டு பாக்கி: அரை மணிக்கு ஒரு தடவை மணி அடிக்க ஒருவர், காலை ஏழரைக்கு ஜங்ஷன் பாக்ஸ் இழுக்க ஒருவர், கணக்கு எழுத ஒருவர். அக்கா, மணி உங்களுக்கு என்று எழுதி வைத்திருக்கிறேன்.