புதுப்பிப்பு: அப்பாவின் 2012 ஆல்டோ விற்றாகிவிட்டது

மன்னார்குடியில் எங்கள் பழைய ஆல்டோ காருக்கு என்ன விலை சொல்லலாம் என்று தை மாதம் கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. வண்டி 1,32,000 ரூபாய்க்குப் போனது.

கைகொடுத்தது ஒரு அண்ணன் சொன்ன யோசனைதான்: விளம்பர விலையை விடு, கைமாறிய விலையை விசாரி. ஆன்லைனில் 1,80,000 வரை போட்டிருந்தார்கள். பக்கத்தில் விற்ற மூன்று பேரைக் கேட்டால், ஒருவர்கூட 1,45,000-ஐத் தாண்டவில்லை. அதையே விலையாகச் சொன்னேன்.

அதற்கு முன்பே மெக்கானிக்கிடம் காட்டியது நல்லதாயிற்று. மிதியடியைத் தூக்கியதும் டிரைவர் பக்கத் தகட்டில் துரு. ஸ்க்ரூடிரைவரால் லேசாகக் குத்தினார், பொத்துக்கொண்டு போனது. ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் தெருவில் தண்ணீர் தேங்கும், அதன் வேலை. டயரில் 1418 என்று இருந்தது. 2018-இன் 14-வது வாரம் தயாரானது என்று அர்த்தமாம், அதாவது டயரும் பழசு. இரண்டையும் நானே சொல்லிவிட்டேன். வாங்கியவர் கோட்டூர்க்காரர், சம்பா நெல் போட்ட பணத்தோடு வந்திருந்தார். 13,000 குறைத்தார், நியாயம்தான்.

எதிர்பாராதது ஒன்று: வண்டிக் கடன் அடைத்து வருடங்கள் ஆகியும் ஆர்.சி.யில் (வண்டியின் பதிவுச் சான்றில்) வங்கி பெயர் அப்படியே இருந்தது. வங்கியில் தடையில்லாச் சான்றும், கடன் முடிந்ததைத் தெரிவிக்கும் படிவம் 35-உம் வாங்கி அந்தப் பெயரை நீக்க 12 நாள் ஆனது. அப்புறம்தான் வண்டியை வாங்கியவர் பெயருக்கு மாற்றும் படிவம் 29, 30-இல் கையெழுத்துப் போட்டோம். விலை பேசும் முன்பே ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள்.