டயாலிசிஸ் தொடங்கியதிலிருந்து அப்பா பேசுவதே இல்லை

தையல்காரர் மகள், திண்டுக்கல்
அப்பாவுக்கு 61 வயது. சர்க்கரையால் சிறுநீரகம் கெட்டு, எட்டு மாதமாக டயாலிசிஸ். திங்கள், புதன், வெள்ளி, தடவைக்கு நான்கு மணி நேரம். இடது கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக் குழாய்களை இணைக்கும் ஆபரேஷன்) போட்டதும் பயந்துபோய் தையல் மிஷினை மூடி வைத்துவிட்டோம். தண்ணீரை அம்மா டம்ளர் எண்ணித்தான் தருகிறார். நேற்று ராத்திரி, "என்னால எல்லாருக்கும் கஷ்டம், இதை நிறுத்திட்டா என்ன?" என்றார். "அப்படியெல்லாம் பேசாதீங்கப்பா" என்பதைத் தவிர எனக்கு எதுவும் சொல்ல வரவில்லை.

ஆறு வருட டயாலிசிஸ்காரன்
தங்கச்சி, நானும் அதையே சொன்னவன். "அப்படிப் பேசாதே" என்றதும் வாயை மூடிக்கொண்டேன். என் அண்ணன் மட்டும் "எதுடா ரொம்பக் கஷ்டமா இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். தாகம் என்றேன். அதைச் சொல்லவே எனக்கு இரண்டு வருடம் ஆனது.

தண்ணீர்க் கணக்கை அவரிடமே கொடுங்கள். டாக்டர் சொன்ன அளவைக் காலையில் பாட்டிலில் ஊற்றி வைத்துக்கொள்ளட்டும். காபி, ரசம் எது குடித்தாலும் அந்த அளவுக்குப் பாட்டிலில் குறைத்துவிடுவேன் நான். டயாலிசிஸ் முடிந்த சாயங்காலம் எதுவும் கேட்காதீர்கள், உடம்பு பிழிந்த துணி மாதிரி கிடக்கும். மறுநாள் காலையில் பேசுங்கள்.

அப்புறம் அந்த மிஷின். ஃபிஸ்டுலா கையில் பிபி பார்க்கக் கூடாது, டயாலிசிஸுக்குத் தவிர வேறு ஊசி போடக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. தைக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டீர்களா? என் மகள் தினமும் என் ஃபிஸ்டுலாவில் விரல் வைத்து, "ஓடுதுப்பா" என்பாள். உள்ளே ரத்தம் ஓடும் அதிர்வு அது. அது நின்றால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், அதனால் தினம் பார்த்தே ஆக வேண்டும். அந்த வேலையை அவளிடம் கொடுத்த பிறகுதான் கையை முழுக்கைச் சட்டைக்குள் மறைப்பதை விட்டேன்.

டயாலிசிஸ் நர்ஸ்
நிறுத்திவிடலாமா என்று அவர் கேட்டதைச் சிறுநீரக மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள். சோர்வும் தூக்கமின்மையும் மனச்சோர்வால் வரலாம், ரத்தசோகையாலும் வரலாம், டயாலிசிஸ் போதாமலும் வரலாம். மருத்துவர்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். நீங்களாகத் தூக்க மாத்திரை வாங்கித் தராதீர்கள். ராத்திரியில் பயமாக இருந்தால் காத்திருக்காமல் 14416-க்குக் கூப்பிடுங்கள். அது டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண். இலவசம், தமிழில் பேசலாம்.

தையல்காரர் மகள்
இன்று செவ்வாய், காலையில் கேட்டேன். ரொம்ப நேரம் கழித்து, "ராத்திரி பூரா அரிப்பும்மா, தூக்கமே இல்ல" என்றார். எட்டு மாதமாக எங்களுக்குத் தெரியாது. நாளை டாக்டரிடம் இரண்டையும் சொல்கிறேன். "மிஷினைப் பத்தியும் கேளு" என்று அவரே சொன்னார்.