பழைய ஆல்ம்ஸ்ஹவுஸ்ல குளிர்கால ட்ரெஸ் ஷூட், அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க

வெளிச்சம்தேடி:
வணக்கம் மக்களே, ஒரு சின்ன துணி லேபிளுக்கு இலையுதிர், குளிர்கால லுக்புக் (மாடல் போட்டுக் காட்டற துணிப் பட ஆல்பம்) எடுக்கணும், கம்பளி கோட்டு ஷால்னு 14 செட், குளிர்கால துணின்னாலும் ஷூட் ஜூன்லதான், செப்டம்பர்ல கடைக்கு வர்றதுக்குள்ள படம் கைல இருக்கணுமே. இடம் மனசுல ஒண்ணே ஒண்ணுதான், இங்கிலாந்து வின்செஸ்டர்ல இருக்கற செயின்ட் கிராஸ், வயசான ஏழைங்க தங்கறதுக்குன்னு தர்மமாக் கட்டின ஆல்ம்ஸ்ஹவுஸ், இன்னிக்கும் அங்க ஆளுங்க குடியிருக்காங்க. போன மாசம் சுத்திப் பாக்கப் போனேன், வாசல் காவலர்கிட்ட கேட்டதும் வழிப்போக்கருக்குன்னு ஒரு துண்டு ரொட்டியும் சின்ன கோப்பைல பீரும் குடுத்தாங்க, நம்மூர் சத்திரத்துக்குள்ள வந்துட்ட மாதிரி இருந்துச்சு. உள்ள மேற்குப் பக்கம் வரிசையா வீடுங்க, மேல ஒசர ஒசரமா சிம்னிங்க, அத விட்டு கண்ணு நகரவே மாட்டேங்குது. அனுமதி இன்னும் கேக்கல, அதுக்கு முன்னாடி எதெல்லாம் யோசிக்கணும்? ஜூன் மாசப் புல்லு, மரத்தோட பச்சைய எப்படி சமாளிக்கறது? அங்க குடியிருக்கற, அங்கி போட்ட பெரியவங்க ரெண்டு பேர ஃப்ரேம்ல உக்கார வெக்கலாமா?

கல்லும்கேமராவும்:
சகோ, கடைசிக் கேள்விக்கு மொதல்ல வரேன், வேண்டாம். செயின்ட் கிராஸ் 1130கள்ல பிஷப் ஹென்றி 13 ஏழைங்களுக்காக ஆரம்பிச்சது, 1445ல கார்டினல் போஃபோர்ட் இன்னொரு பிரிவு சேத்தாரு, கருப்பு அங்கி பழைய பிரிவு, சிவப்பு அங்கி போஃபோர்ட் பிரிவு, இன்னிக்கும் அத போட்டுட்டுதான் சர்ச்சுக்குப் போறாங்க. அவங்க தினமும் உடுத்தற உடுப்ப நாம கோட்டு விக்கறதுக்குப் பின்னணியா வெக்கக்கூடாது, அவங்க சரின்னாலும் எனக்கு மனசு ஒப்பாது. அந்த சிம்னி வரிசையும் அப்படித்தான், அதுக்குக் கீழ இருக்கற கதவெல்லாம் அங்க குடியிருக்கறவங்களோட வாசல். வீடுங்க கிழக்கப் பாத்து இருக்கறதால காலைலதான் வெயில் விழும், அதே நேரம்தான் அவங்க பிரார்த்தனைக்குக் கிளம்பறது.

எதிர்ப்பக்கம் மரச்சட்டம் வெச்சு கட்டின நீள நடைகூடம் இருக்குல்ல, மதியத்துக்கு மேல மேற்கு வெளிச்சம் அங்க பக்கவாட்டுல வரும், கம்பளியோட நூல் நூலாத் தெரியும், பச்சையும் ஃப்ரேம்ல கம்மி. புல்லுக்குப் பக்கத்துல நிறுத்தினீங்கன்னா புல்லோட பச்சை தாடைக்குக் கீழ பிரதிபலிக்கும், க்ரீம் கலர் கோட்டுன்னா எடிட்ல பெரும்பாடு, அதனால மாடலுக்கு முன்னாடி புல்லு மேல ஒரு கருப்புத் துணிய விரிச்சுடுங்க. அங்க இருக்கற பழைய ஹால்ல கூரை இருட்டு மரம், மேல பாத்து ஃப்ளாஷ் அடிச்சா வெளிச்சம் திரும்பி வராது. சொந்த பேட்டரி லைட்டு கொண்டு போங்க, ஸ்டாண்டு காலுக்கு டென்னிஸ் பந்து மாட்டுங்க, மரத்துல டேப் ஒட்டவே ஒட்டாதீங்க, உரிக்கும்போது பழைய பூச்சும் சேந்து வந்துடும். சர்ச்சுக்குள்ள இடைக்கால ஓடு பதிச்ச தரை, ஊசி ஹீல்ஸ் போட்டு யாரும் அதுல கால் வெக்கக்கூடாது.

கரவெட்டியான்:
நான் வேறொரு ஆல்ம்ஸ்ஹவுசில அசிஸ்டண்டா நிண்டனான், இடத்தின்ர பேர் வேண்டாம். மழை தூறினதும் அவசரத்தில உடுப்பு ரேக்க ஒரு அம்மாவின்ர கதவோட ஒட்டி விட்டிட்டினம், ஒருத்தரும் கவனிக்கேல்ல. கனநேரத்துக்குப் பிறகு பாத்தா கதவு ரெண்டு விரல் அளவுக்குத் திறந்திருக்கு, அந்த இடைவெளிக்குள்ளால ஒரு கை மட்டும் வெளியில வந்து அசையுது. வோக்கரோட நிண்டவ, டொக்டரிட்ட போக வெளிக்கிட்டு கோட்டும் போட்டு நிண்டவ. எனக்கு இப்பவும் அந்தக் கைதான் நினைவில நிக்குது. அதனால சொல்லுறன், ஆபீசில அனுமதி எடுத்தாலும் ஒரு கிழமைக்கு முன்னமே ஒவ்வொரு வீட்டுக்கும் கடிதம் போடுங்கோ, எத்தினை மணியில இருந்து எத்தினை மணி மட்டும், எத்தினை பேர், யாருக்கு போன் பண்ணோணும் எண்டு. ரேக், மேக்கப் எல்லாம் வீடுகளுக்குக் கிட்ட வேண்டாம். நேரில போய்க் கதைச்சுப்போட்டு வந்தா இன்னும் நல்லம்.

நூல்கண்டு:
ஆள் குடியிருக்காத இடம் வேணும்னா லண்டன் ஹாக்ஸ்டன்ல மியூசியம் ஆஃப் தி ஹோம் பாருங்க, 1714ல அயர்ன்மங்கர்ஸ் கம்பெனிங்கற இரும்பு வியாபாரிங்க சங்கம் கட்டின ஆல்ம்ஸ்ஹவுஸ், 1914ல இருந்து மியூசியம். செங்கல் சுவர், பழுப்பு கோட்டுக்கு அருமையாப் பொருந்தும். எங்க போனாலும் பப்ளிக் லயபிலிட்டி இன்சூரன்ஸ் (நம்மளால மத்தவங்களுக்கோ அவங்க சொத்துக்கோ சேதம் ஆனா ஈடு குடுக்கற காப்பீடு) பேப்பர் முன்னாடியே எடுத்து வெச்சுக்கோங்க, பழைய கட்டடம்னா பெரும்பாலும் அதத்தான் மொதல்ல கேப்பாங்க. ஜூன் வெயில்ல கம்பளி போட்டு நிக்கற பொண்ணையும் கொஞ்சம் யோசிங்க, ரெண்டு ஷாட்டுக்கு ஒருதடவ கோட்டக் கழட்டி தண்ணி குடுங்க.

வெளிச்சம்தேடி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, அந்தக் கை விஷயம் படிச்சதுல இருந்து வேற எதுவும் ஓடல. வீட்டு வரிசைப் பக்கம் கேமராவே திருப்பப் போறதில்ல, நடைகூடம் மட்டும், மதியம் 2ல இருந்து 5 வரைக்கும், 14 செட்ட 8ஆக் குறைக்கச் சொல்லி லேபிள்ல பேசறேன். அவங்க அனுமதி குடுத்தா கடிதத்த நானே வீடு வீடாக் கொண்டு போய்க் குடுக்கறேன்.

கரவெட்டியான்:
நல்லம் தம்பி. கடிதத்தப் பெரிய எழுத்தில அடியுங்கோ, 16 பொயின்டுக்குக் குறைய வேண்டாம்.