ஓடிக்கொண்டிருக்கும் தளத்தில் நெடுவரிசைப் பெயரை மாற்றுவது எப்படி?

ஈசூன்வாசி:
வணக்கம். ஜாங்கோ (பைத்தான் வலைக் கட்டமைப்பு), போஸ்ட்கிரெஸ் 15 (தரவுத்தளம்). ஆர்டர் டேபிளில் 4 கோடி வரிகள். ஒரு நெடுவரிசையின் பெயரை மாற்றி, நாட் நல் (நல் எனும் வெற்று மதிப்பை ஏற்காதது) ஆக்கவேண்டும். சாப்பாட்டு ஆர்டர் நள்ளிரவிலும் வருவதால் தளத்தை நிறுத்த முடியாது. ஒரே மைக்ரேஷனில் (டேபிள் அமைப்பை மாற்றும் ஜாங்கோ கோப்பு) முடிக்கலாமா?

பொங்கோல்_டெவ்:
வேண்டாம். டிப்ளாய் (புதிய பதிப்பைத் தளத்தில் ஏற்றுவது) நடக்கும்போது பழைய நிரலும் புதியதும் சேர்ந்தே ஓடும். பழையது இல்லாத பெயரைத் தேடிப் பிழை தரும். முதலில் நல் ஏற்கும் புதிய நெடுவரிசையைச் சேருங்கள், பிறகு இரண்டிலும் எழுதும் நிரலை ஏற்றுங்கள். பழைய தரவை 5,000 வரிகளாக, தொகுதிக்கொரு கமிட் (மாற்றத்தை உறுதிசெய்து சேமிப்பது) வைத்து நகலெடுங்கள். இதை மைக்ரேஷனுக்குள் வைக்காதீர்கள். ஜாங்கோ எல்லாவற்றையும் ஒரே டிரான்சாக்ஷனில் (முழுதும் முடியும் அல்லது முழுதும் ரத்தாகும் ஒரே தொகுப்பு) ஓட்டிவிடும். வாசிப்பைப் புதியதற்கு மாற்றியபின், அடுத்த வெளியீட்டில்தான் பழையதை நீக்கவேண்டும்.

தெம்பனிஸ்_டிபிஏ:
பூட்டையும் கவனியுங்கள் தம்பி. ஆல்டர் டேபிள் (டேபிளை மாற்றும் கட்டளை) நொடியில் முடியும், ஆனால் முழுப் பூட்டு (வேறு யாரும் டேபிளைத் தொட முடியாத நிலை) கேட்கும். ஒரு நீண்ட ரிப்போர்ட் குவெரியோ பேக்கப்போ ஓடினால் ஆல்டர் காத்திருக்கும். அதன் பின்னால் தரவை வாசிக்கும் சாதாரண செலக்ட்கூட வரிசையில் நிற்கும். தளம் விழுவது இதனால்தான். லாக் டைம்அவுட்டை (பூட்டுக்குக் காத்திருக்கும் உச்ச நேரம்) 2 நொடி வைத்து, தோற்றால் மறுபடி முயலுங்கள். பேக்கப் நேரம் யூடிசியில் (உலகப் பொது நேரம்) இருக்கும்: அங்கே 19:00 என்றால் சிங்கப்பூரில் நமக்கு அதிகாலை 3.

ஈசூன்வாசி:
நன்றி அண்ணே. நாட் நல்?

தெம்பனிஸ்_டிபிஏ:
நெடுவரிசையில் நல் இருக்கக்கூடாது என்ற செக் கட்டுப்பாட்டை நாட் வேலிட் (பழைய வரிகளை இப்போது சரிபார்க்காதே) என்று சேர்த்து, பிறகு தனியாக வேலிடேட் (பழைய வரிகளைச் சரிபார்ப்பது) செய்யுங்கள், எழுதுவது தடைபடாது. அதன்பின் நாட் நல் வைத்தால், போஸ்ட்கிரெஸ் பதிப்பு 12 முதல் டேபிளை மறுபடி முழுதாக வாசிக்காது.