ஊதா நிறத் தபால்தலைகள்: லித்தோவா, டைப்போவா?

வணக்கம். அல்சூரில் மாமா வீட்டைக் காலி செய்தபோது பிஸ்கட் டின் ஒன்று நிறையப் பழைய தபால்தலைகள் கிடைத்தன. மாமி பழைய பேப்பர்காரரிடம் போட இருந்தார். நல்லவேளை, நான் அங்கே இருந்தேன்.

அதில் ஆறாம் ஜார்ஜ் படம் போட்ட ஒன்றரை அணா, மூன்று அணா தலைகள் நாற்பதுக்கு மேல் இருக்கின்றன. இரண்டுமே ஊதா. 1940-களில் நாசிக்கில் அச்சான இந்த இரண்டு மதிப்புகளும் லித்தோவிலும் (மேடுபள்ளம் இல்லாத சமதள அச்சு) வந்தன, டைப்போவிலும் (மேடான அச்சில் மை தடவி அழுத்தும் முறை) வந்தன. சிக்கலே அங்கேதான்.

டைப்போவில் மேடான அச்சு தாளை அழுத்துவதால் கோட்டின் ஓரங்களில் மை பிதுங்கிக் கருத்திருக்கும். சாய்வான வெளிச்சத்தில் பின்பக்கம் லேசான புடைப்பும் தெரியும். லித்தோவில் மை ஒரே சீராகப் படியும், பின்பக்கம் சமமாக இருக்கும். பாடம் எனக்கு மனப்பாடம். ஆனால் இவை தண்ணீரில் ஊறவைத்து உறையிலிருந்து பிரித்தவை. புடைப்பு அமுங்கிவிட்டது, போதாக்குறைக்கு முத்திரை மை மன்னர் முகத்தில் பாதியை மறைக்கிறது. பத்து மடங்கு லென்சில் காலையில் டைப்போவாகத் தெரிவது மாலையில் லித்தோவாகிவிடுகிறது!

லித்தோவுக்கு மாதிரியாக 1931 புதுடெல்லி திறப்பு விழாத் தலையையும், டைப்போவுக்கு ஐந்தாம் ஜார்ஜின் அரையணாவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். படத்தின் எந்தப் பகுதியைக் கவனித்தால் வித்தியாசம் பிடிபடும்? ஸ்கேன் செய்தால் எத்தனை டிபிஐ வேண்டும்? பெங்களூரில் இருப்பவர் யாராவது நேரில் பார்த்துச் சொல்வதென்றால் ஞாயிறு காலை டின்னோடு வருகிறேன். காபி என் செலவு.