சிறுநீரகம் பழுதானவருக்கு எலும்புத் தேய்மான மாத்திரை தொடங்கலாமா?

கேள்வி:
அம்மாவுக்கு 68 வயது. சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். 24, டயாலிசிஸ் இல்லை. எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கேனில் இடுப்பு டி-ஸ்கோர் (இளம் வயதினரின் எலும்போடு ஒப்பிடும் அளவு) மைனஸ் 3.1. வாரம் ஒன்றாக, எலும்பு அரிப்பைத் தடுக்கும் அலென்ட்ரோனேட் 70 மி.கி. எழுதியிருக்கிறார்கள். தொடங்கலாமா?

பதில் 1:
சிறுநீரக டாக்டரிடம் காட்டாமல் தொடங்காதீர்கள். கிரியேட்டினின் கிளியரன்ஸ் (இ.ஜி.எஃப்.ஆர். போல சிறுநீரகத்தின் திறனைக் காட்டும் அளவு) 35-க்குக் கீழே இருந்தால் அந்த மாத்திரையைப் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. அது சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். இன்னொன்று, டெக்ஸா அடர்த்தியைக் காட்டுமே தவிர, எலும்பு ஏன் வலுவிழந்தது என்று சொல்லாது. பி.டி.எச். (கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு ஹார்மோன்) மிக அதிகமானால் எலும்பு வேகமாக அரிபடும். மிகக் குறைந்தால் எலும்பு புதுப்பிக்கப்படுவதே கிட்டத்தட்ட நின்றிருக்கலாம்; அப்போது அரிப்பைத் தடுக்கும் மருந்து கெடுதலாகவும் முடியலாம். கால்சியம், பாஸ்பேட், பி.டி.எச்., அல்கலைன் பாஸ்படேஸ், வைட்டமின் டி எல்லாம் பாருங்கள். பி.டி.எச்.-ஐ ஒரே ரிப்போர்ட்டை வைத்து முடிவு செய்யக் கூடாது, ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் கணக்கு.

பதில் 2:
அடுத்து, எலும்பு அரிப்பைத் தடுக்கும் இன்னொரு மருந்தான டெனோசுமாப் ஊசி பற்றிப் பேச்சு வரும். அது சிறுநீரகம் வழியாக வெளியேறாது, உண்மைதான். ஆனால் கால்சியம் ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். முற்றிய சிறுநீரக நோயாளிகளுக்காக 2024 ஜனவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இதற்குக் கடும் எச்சரிக்கை சேர்த்தது. ஊசிக்கு முன்பும், பிறகு சில வாரங்களும் கால்சியம் பார்த்தே ஆக வேண்டும். கால்சியம் இறங்கியதற்கு அறிகுறியாக உதடு மரத்தாலோ விரல்கள் இழுத்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். 6 மாதத்துக்கு ஒருமுறை போடும் இந்த ஊசியை இஷ்டத்துக்கு நிறுத்தினால் முதுகெலும்பு முறியும் அபாயம் உண்டு.

பதில் 3:
பாஸ்பேட் பைண்டர் (சாப்பாட்டில் உள்ள பாஸ்பேட் உடலில் சேராமல் பிடித்துவைக்கும் மருந்து) கொடுத்திருந்தால் சாப்பாட்டோடு சேர்த்தே போட வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் பிடிக்க அங்கே பாஸ்பேட் இருக்காது.